சொன்னவள் சொன்னபடி

புஷ்பம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். திங்கட்கிழமை, பகல் பதினோரு மணி. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் அந்த நேரத்தில் வெளியே நிற்கிறாள் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போயிருக்க வேண்டும். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. காலையில் மூடியது மூடியபடியே இருந்தது.

“யக்கா, குடிக்க இத்திரி தண்ணி தாரியளா?”

செம்பில் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். அதையும் குடித்தாள். அவள் தலைமுடியில் நூல் பிசிறு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தால் இவ்வளவுதான் ஒட்டும் என்று மனதுக்குள் கணித்தேன். என் புத்தி அப்படி.

“இனி வரண்டாம்னு சொல்லிட்டாவ” என்றாள் பிறகு. “மேனேஜரு ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. மேசையில நம்ம பொஸ்தகம் கெடந்து. ஒரு பக்கத்த மடக்கி வச்சிருந்தாரு. அதுல ரெண்டு மட்டம் வெரலால தட்டினாரு. ‘இது நீ பேசினதுதான’ன்னு கேட்டாரு. நான் இல்லன்னேன். அவரு சிரிச்சாரு. யக்கா, எனக்க பேரு அதுல வராதுன்னுதான சொன்னிய?”

“உம்பட பேரு எங்கயும் இல்லை கண்ணு. நானே மூணு தடவை பார்த்தனே.”

நான் சொன்னது உண்மை. கம்பெனிப் பெண்கள் பேசியதைத் தொகுத்து எங்கள் குழு போட்ட புத்தகம் அது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை, எந்த மிஷினில் உட்காருகிறாள் என்பதுகூட இல்லை. அந்தப் பக்கத்தில் பேசியிருப்பது புஷ்பம் என்பது உலகத்தில் நாலே நாலு பேருக்குத்தான் தெரியும். புஷ்பம், நான், எங்கள் குழுவைத் தொடங்கிய கஸ்தூரி அக்கா, தெய்வானை.

நான் திரும்பித் தெய்வானையைப் பார்த்தேன். உள்ளறையில் பாயில் உட்கார்ந்து கேசட் உறைகளில் எண் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா நின்றிருந்தது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

அந்தப் பேனா ஏன் நின்றது? அன்றைக்கு எனக்குள் ஏறிய கேள்வி அது. இறங்க வெகு நாளாயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புஷ்பம், தெய்வானை என்பதெல்லாம் இந்தத் தொடருக்காக நான் வைத்த பெயர்கள். இந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேருக்கும் போனில் முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொருத்தி “சரிங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கேள்வி தயாரிக்கிற கம்பெனி

போன வாரம் செக்கிங் மேசையில் நான் ஒன்பது வருடம் நின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஊத்துக்குளியிலிருந்து ஒரு வாசகி, “இவ்வளவு சந்தேகப் புத்தியை வைத்துக்கொண்டு பெண்களுக்கான குழுவில் எப்படிங்க குப்பை கொட்டினீங்க?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

செக்கிங் என்பது தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேடுகிற வேலை. நல்ல பீஸ் என்று ஒன்று உண்டு என்பதையே அங்கே நம்பக்கூடாது. குறை இருக்கிறது, எனக்கு இன்னும் தென்படவில்லை என்று நினைக்கிறவள்தான் நல்ல செக்கர். நான் நல்ல செக்கர். ஒன்பது வருடத்தில் அந்தக் கண் மேசையை விட்டு இறங்கி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மகள் சிரித்தால் எதை மறைக்கிறாள் என்று பார்ப்பேன். வீட்டுக்காரர் கேட்காமலே மல்லிகைப்பூ வாங்கி வந்தால் அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

அப்படிப்பட்டவளைத்தான் கஸ்தூரி அக்கா தேடிப் பிடித்தார். அவர் மதுரைப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். திருப்பூருக்கு ஆராய்ச்சி செய்ய அப்போதெல்லாம் நிறையப் பேர் வருவார்கள். கேள்வித்தாளை நீட்டுவார்கள், டிக் அடித்துக்கொண்டு ரயில் ஏறுவார்கள். இவர் மட்டும் திரும்பிப் போகவில்லை. “உங்ககிட்ட கேக்கறதுக்கு நான் யாரு சரசு? நீங்களே கேளுங்க, நீங்களே எழுதுங்க” என்றார். கம்பெனியில் இருந்தவர்களும் கம்பெனியை விட்டவர்களுமாக ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தோம். வெட்டுத்துணி மூட்டை அடுக்குகிற குடோனுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீடுகளுக்குப் போய்ப் பெண்களைப் பேச வைத்துக் கேசட்டில் பிடித்து வருவோம். ஆராய்ச்சி என்ற சொல்லை வீட்டில் சொல்ல எனக்கு ஒரு வருடம் வெட்கமாக இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரருக்கு எங்களைப் பற்றித் தீராத சந்தேகம். வாசலில் போர்டும் இல்லை, உள்ளே மிஷினும் இல்லை. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏனுங்க, உங்க கம்பெனில என்னதானுங்க தயார் பண்றீங்க?”

“கேள்விங்க” என்றார் கஸ்தூரி அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்தார். “எக்ஸ்போர்ட்டுங்களா?”

“இப்போதைக்கு லோக்கல்தாங்க.”

அவர் மட்டுமா? பக்கத்து வீட்டில் எங்களைச் சீட்டுக் கம்பெனி என்றார்கள். எதிர் வீட்டில், மதம் மாற்ற வந்தவர்கள் என்றார்கள். கம்பெனிக்காரர்கள் எங்களை, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு ஒற்று வேலை பார்க்கிறவர்கள் என்று நினைத்தார்கள். தொழிலாளிப் பெண்களோ நாங்கள் கம்பெனிக்காரர்களின் ஒற்றர்கள் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தார்கள். “ஊரே நம்மைச் சந்தேகப்படட்டும், நமக்குள்ள அது இல்லை பாருங்க” என்று கஸ்தூரி அக்கா பெருமையாகச் சொல்லும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏனென்றால் தெய்வானையை எனக்கு முதல் நாளிலிருந்தே புரியவில்லை. பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம். வருடா வருடம் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிறவர்கள். தறியிலிருந்து பனியனுக்கு மாறி, இப்போது அவள் சொந்தத்தில் பாதிப் பேர் சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் யாராவது கம்பெனியில் ஆபீஸ் நாற்காலியில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் டிகிரி முடித்துவிட்டு எங்களோடு வந்து ஏன் பாயில் உட்கார வேண்டும்? நல்ல மனசு என்றார் கஸ்தூரி அக்கா. குறை இன்னும் தென்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன் நான்.

சுவரில் ஒரு சட்டம்

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம்: சொன்னவள் சொன்னபடி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு முன்னால் வந்து போன யாரோ எழுதிய அறிக்கை ஒன்று கஸ்தூரி அக்காவிடம் இருந்தது. அயர்ன் மேசைப் பெண் ஒருத்தியை எனக்கே தெரியும். அவள் அவர்களிடம், “ஆவி மூஞ்சில அடிச்சு அடிச்சு, ராத்திரி படுத்தாலும் மூச்சு முட்டுதுங்க” என்று சொல்லியிருக்கிறாள். அறிக்கையில் அது “பணிச்சூழல் திருப்திகரமாக இல்லை” என்று ஆகியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் மூச்சு முட்டியதைக்கூட அவளுக்கு விட்டுவைக்கவில்லை.

அதனால் ஒரு சொல்லையும் திருத்தக்கூடாது என்று முடிவு செய்தோம். கேசட்டைக் கேட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. செக்கர் கண் தப்பவிடாது என்றால் செக்கர் காதும் தப்பவிடாதாம். டேப் ரிக்கார்டரை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு எழுதுவேன். இருமினால் ‘இருமுகிறாள்’ என்று எழுதுவேன். சிரித்தால் அதையும் எழுதுவேன். என் நோட்டில் ஒரு ‘ம்’கூடக் குறையாது என்று எனக்குத் திமிர் இருந்தது.

இன்றைக்கும் அந்தச் சார்ட் அட்டை இருக்கிறது. அதன் அடியில் வேறு மையில் இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: ‘அச்சுக்கு முன்னால் அவளுக்கே படித்துக் காட்டு.’ அது என் கையெழுத்து. புஷ்பத்துக்குப் பிறகு எழுதியது.

ஒரு கதவும் ஒரு பூட்டும்

புஷ்பம் நாகர்கோயிலுக்கும் அப்பால் ஏதோ ஒரு சிற்றூர். ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கிற டெய்லர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து தலையில் முக்காட்டோடு நேராக எங்களிடம் வந்து பேசினாள். அவள் சொன்னது ஒரு கக்கூஸைப் பற்றி.

அவள் கம்பெனியில் பெண்களுக்கு ஒரே கக்கூஸ். அதற்கு ஒரு பூட்டு. சாவி லைன் சூப்பர்வைசரின் இடுப்பு வளையத்தில் தொங்கும். போக வேண்டியவள் மிஷினை நிறுத்திவிட்டு, லைன் முழுதும் பார்க்க நடந்து போய் அவன் முன்னால் நிற்க வேண்டும். அவன் உடனே தரமாட்டான்.

“‘எதுக்கு?’ன்னு கேப்பான் யக்கா” என்றாள் புஷ்பம். “தெரியாமலா கேக்கான்? நாம என்னத்தச் சொல்ல? தலையக் குனிஞ்சிட்டு நிக்கணும். அவனுக்குத் தோணுச்சுன்னா தருவான். இல்லன்னா ‘இப்பத்தான போன’ம்பான். ஷிப்மெண்ட் நேரத்துல கேக்கவே பயமாட்டு இருக்கும்.”

அதனால் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் மிஷினில் உட்கார்ந்தால் இருட்டும் வரை ஒரு சொட்டு கிடையாது. அடிவயிறு எரிந்தது, காய்ச்சல் வந்தது, அப்படியும் குடிக்கவில்லை. “தண்ணி குடிச்சாத்தான அவன்கிட்டப் போய் நிக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் ‘சிரிக்கிறாள்’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் பேச்சு நடை அவளைக் காட்டிக்கொடுக்குமோ என்பதை நான் யோசிக்காமல் இல்லை. அந்தக் கம்பெனியில் பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி என்று லைன் லைனாக இருந்தார்கள். அத்தனை பேரில் இவளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

புத்தகம் மெல்லியது, மஞ்சள் அட்டை. பஸ் ஸ்டாப்பில் கொடுத்தோம், டீக்கடையில் வைத்தோம், கம்பெனி ஆபீஸ்களுக்கும் தபாலில் அனுப்பினோம். பேசிய பெண்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. கேட்டில் பையைச் சோதிப்பார்கள், அதில் இது அகப்பட்டால் வம்பு என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். புஷ்பத்தின் பேச்சு அச்சில் எப்படி இருக்கிறது என்பதை அந்த மேனேஜர் பார்த்துவிட்டார், புஷ்பம் பார்க்கவில்லை.

நாலு பேரில் ஒருத்தி

புஷ்பம் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. கஸ்தூரி அக்கா தலையே போனாலும் சொல்லமாட்டார். மிச்சம் யார்?

தேடத் தேடக் கிடைத்தது. அந்தக் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவன் தெய்வானையின் சொந்தத் தாய்மாமன் மகன். இதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை, நான் வெளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புத்தகம் வந்த வாரத்தில் அவள் கூடுதலாக நாலைந்து பிரதி எடுத்துப் போயிருந்தாள். புஷ்பம் வந்து நின்ற நாளிலிருந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பாள்.

“சரசு, வேண்டாம்” என்றார் கஸ்தூரி அக்கா. “அந்தப் புள்ளை முகத்தைப் பாரு.”

முகத்தைப் பார்த்தா பீஸை பாஸ் பண்ணுவார்கள்?

ஒரு பொறி வைத்தேன். அதே கம்பெனியின் பேக்கிங் பெண் ஒருத்தி பேசியதாக நானே ஒரு பொய்ப் பேட்டியை நோட்டில் எழுதி, தெய்வானை கண்ணில் மட்டும் படுகிற மாதிரி வைத்தேன். பிறகு நாலு நாள் அந்தக் கம்பெனிப் பெண்களை பஸ் ஸ்டாப்பில் பிடித்து, உள்ளே யாரையாவது கூப்பிட்டு மிரட்டினார்களா என்று விசாரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். எனக்கோ, பொறி என்று கண்டுபிடித்துவிட்டாளே, எவ்வளவு கெட்டிக்காரி என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் அலமாரிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். கேசட்டுகள் இருந்த இரும்பு அலமாரியின் சாவி அதுவரை காலண்டர் ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுப்போம். நான் அதை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். பாதுகாப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். எதற்காக என்பது தெய்வானைக்குத் தெரியும்.

கேசட்டுகளுக்கு எண் போட்டு வரிசைப்படுத்துவது அவள் வேலை. காலையில் வந்து என் முன்னால் நிற்பாள்.

“சரசக்கா, சாவி வேணுங்க.”

“எதுக்கு?”

“நம்பர் போடறதுக்குங்க.”

“நேத்துத்தானே எடுத்தே?”

“இன்னும் ரெண்டு மிச்சமிருக்குதுங்க.”

நானே எழுந்து போய்த் திறப்பேன். அவள் எடுத்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பேன். மற்றவர்கள் நோட்டைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு எங்களைக் கவனிப்பார்கள். கொஞ்ச நாளில் அவள் கேட்பது குறைந்தது. வேலை இல்லாமல் பாயில் உட்கார்ந்து காலிக் கேசட் உறைகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். சரசக்கா என்று கூப்பிடுவதும் நின்றது. “ஏனுங்க” என்பதோடு சரி.

ஒருநாள் மத்தியானம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தக் கம்பெனி கேட்டில் தெய்வானை. வாட்ச்மேனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

“மத்தியானம் எங்க கண்ணு போயிருந்தே?”

“ஊட்டுலதானுங்க இருந்தேன்.”

பொய் அகப்பட்டுவிட்டது. அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். எழுதவே கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கஸ்தூரி அக்காவிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன், அவளை அனுப்பியே ஆக வேண்டும், ஒன்று அவள் இருக்கட்டும் இல்லை நான் இருக்கிறேன் என்றேன். அவர் மேசையில் விரித்திருந்த நோட்டை மூடி வைத்தார்.

“வேலை போனது புஷ்பத்துக்கு. அவளைப் போய்ப் பார்த்துப் பேசிட்டு வா. அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்.”

கோழி ஷெட்டில்

புஷ்பம் அப்போது பொங்கலூர் தாண்டி ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் சேர்ந்திருந்தாள். பழைய கோழிப்பண்ணை ஷெட் அது. கம்பி வலைக்குப் பதிலாகத் தகரம் அடித்து, உள்ளே பத்துப் பதினைந்து மிஷின் போட்டிருந்தார்கள். தீவன வாடை இன்னும் போகவில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். பையில் மஞ்சள் அட்டைப் புத்தகம். புஷ்பத்திடம் கேட்டு, தெய்வானைக்கு எதிராக இரண்டு வரி எழுதி வாங்கி வருவதாகத் திட்டம்.

வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் புஷ்பம் இருக்கிறாளா என்று கேட்டேன்.

“புஷ்பமுங்களா? அப்படி யாரும் இங்க இல்லீங்களே.”

“நாகர்கோயில் பக்கம். ஓவர்லாக் அடிக்கறவ.”

“அட, நம்ம தாக்கோலக்காவுங்களா! அப்படிச் சொல்றதுக்கென்னங்க?” என்று உள்ளே திரும்பிக் கத்தினாள். “ஏ தாக்கோலக்கா! உங்களைத் தேடி ஆள் வந்திருக்குது!”

என் கை பையிலிருந்த புத்தகத்துக்குப் போயிற்று.

“அதென்னங்க பேரு?”

“சாவிக்கு அவங்க ஊருல அப்படித்தான் சொல்லுவாங்களாமாங்க. வந்த அன்னிக்கே ‘கதவுக்க தாக்கோலு எங்க’ன்னு கேட்டாங்க. சிரிச்சு மாளலீங்க. அன்னையிலிருந்து அதுவே பேரா நெலைச்சுப் போச்சுங்க.”

புஷ்பம் சோற்றுக் கையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“இங்கயும் அந்தப் பேரு வந்து ஒட்டிட்டு யக்கா” என்றாள். “பழைய கம்பெனியிலயும் இதே பேருதான். திருநவேலிக்காரியளே சிரிப்பாளுவ, அவியளும் சாவின்னுதான சொல்லுதாவ. இப்ப ஆராவது புஷ்பம்னு கூப்பிட்டா எனக்குத் திரும்பிப் பாக்கத் தோணல்ல.”

“மேனேஜருமா?”

“எல்லாவரும்தான். அன்னைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டதும் ‘அந்தத் தாக்கோல வரச்சொல்லு’ன்னுதான்.”

“இதை ஏன் கண்ணு அன்னிக்கே சொல்லல?”

“என்னையக் கூப்பிடுத பேருல்லா அது. அதுல சொல்ல என்ன இருக்கு?”

நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். எனக்கு அதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. ‘தாக்கோலு அவனுக்க இடுப்புல கெடக்கும்.’ ‘தாக்கோலு கேட்டா எதுக்குன்னு கேப்பான்.’ ‘தாக்கோலு தரமாட்டான்.’ ஒரே பக்கத்தில் ஆறு இடம். ஆறையும் கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு எழுத்து பிசகாமல் எழுதியது என் கை. பெயரை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியில் அவளுக்கு இருந்த ஒரே பெயரை ஆறு முறை அச்சடித்து, தபால்தலை ஒட்டி நாங்களே அனுப்பி வைத்திருக்கிறோம்.

புஷ்பம் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். முதலில் அவளுக்கு ஒரே குதூகலம். “அய்யோ, நான் பேசினது அப்பிடியே இருக்கே! சிரிச்சதக் கூட எழுதியிருக்கியளே!” என்று வாய்விட்டுப் படித்தாள். நாலாவது வரியில் அவள் விரல் நின்றது. ஐந்தாவது வரிக்குப் போயிற்று. பிறகு அவள் சத்தமாகப் படிக்கவில்லை.

“நான்தான் கண்ணு எழுதினேன்” என்றேன். “வேற யாரும் காட்டிக் கொடுக்கல. நான்தான்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் நான் பேசிக்கொண்டே போனேன். “மறுபடி அச்சடிக்கறப்ப ‘சாவி’ன்னு மாத்திப் போடறேன். ஆறையும் மாத்திடறேன்.”

புஷ்பம் புத்தகத்தை மூடினாள்.

“வேல போயிட்டு. இனி சொல்லும் போணுமா? அது அப்பிடியே கெடக்கட்டு யக்கா.”

புத்தகத்தை அவள் திருப்பித் தரவில்லை. மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டதும் உள்ளே போகப் புறப்பட்டவள், வாசல்படியில் நின்று திரும்பினாள்.

“அந்தத் தெய்வான புள்ளகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. எனக்காவ ரெண்டு மட்டம் அந்த கேட்டுல போய் நின்னா பாவம். மாமன் மவன்கிட்டப் பேசி என்னையத் திரும்ப எடுக்கச் சொல்லுதேன்னு போனா. அவன் நாலு பேரு முன்னால வச்சு வெரட்டிட்டானாம். வீட்டுல தெரிஞ்சா கொன்னுருவாவ, ஆருகிட்டயும் சொல்லண்டாம்னா. உங்ககிட்டச் சொல்லலாம்லா?”

எதிர் ஜன்னல்

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

புரூஃப் பார்த்த நாள் ஞாபகம் வந்தது. தெய்வானை சிவப்புப் பேனாவோடு என்னிடம் வந்தாள். “அக்கா, இந்த வார்த்தை நம்மூருல யாருக்கும் புரியாதுங்க. சாவின்னு போட்டுடலாமுங்களா?” என்று கேட்டாள். பட்டப்பெயர் விவகாரம் அப்போது அவளுக்கும் தெரியாது, படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டி அரை மணி நேரம் பிடி பிடி என்று பிடித்தேன். “கம்பெனிக்காரங்க குடும்பத்துல பொறந்தவளுக்கு வேலைக்காரிங்க பேச்சு கொச்சையாத்தான் தெரியும்” என்றுகூடச் சொன்னேன். அவள் “சரிங்க” என்று பேனாவை மூடினாள். அந்தச் சிவப்புக் கோடு விழுந்திருந்தால் புஷ்பம் இன்னும் அதே மிஷினில் இருந்திருப்பாள்.

கண்ணில் தூசி விழுந்தது போலத் துடைத்துக்கொண்டு எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள், “ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா?” என்று கேட்டார். என்னைக் கேட்கிறவர்களிடம் எப்போதும் நான் எதிர்க் கேள்வி கேட்பேன். அன்றைக்கு ஆமாங்க என்றேன்.

போய்ச் சேரும்போது நாலு மணி. கஸ்தூரி அக்கா வாசலில் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். தெய்வானை உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் எண் போடாத உறைகள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோழி ஷெட், தாக்கோல் என்ற பேர், ஆறு இடம், அந்த கேட். பொறி வைத்ததையும் சொன்னேன்.

“அந்த வார்த்தையை மாத்தலாம்னு நீ அப்பவே சொன்னியே. நான் உன்னை இத்தனை பாடு படுத்தினப்ப ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தி இருக்கலாமே கண்ணு?”

“அந்தப் பேரு கேட்டுல வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியுமுங்க. சொல்லியிருந்தா, ‘இவளுக்கு முன்னாலயே எப்படித் தெரிஞ்சுது’ன்னு அதையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருப்பீங்க.”

பட்டிருப்பேன். என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். இத்தனை நாள் இறுகிப்போனது, விரலுக்கு வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. என் உடம்புச் சூடு ஏறிய அந்தச் சின்ன இரும்புச் சாவியை அவளிடம் நீட்டினேன்.

“இந்தா கண்ணு. இனிமே நீயே வெச்சுக்கோ.”

அவள் கை நீளவில்லை. கோபமும் காட்டவில்லை. எப்போதும் பேசுகிற அதே மரியாதையான குரலில், என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எதுக்குங்க?”